கீரி மாசானமும் பெரிய கேமராவும்

ஒரு காட்டில், மாப்பிள்ளை வரத் தாமதமானாலும் பொறுத்துக்கொண்டு, போட்டோக்காரர் வரத் தாமதமானால் குதிக்கிற அளவுக்கு முன்னேறிவிட்ட காட்டில், மாசானம் என்றொரு கீரி கல்யாணப் போட்டோ எடுத்துப் பிழைத்து வந்தது.

மாசானத்திடம் இருந்தது சின்னக் கேமரா. வெற்றிலைப் பெட்டி அளவுதான். கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் அடங்கும். விரல் போகிற இடத்தில் பொத்தான் இருக்கும். இடுப்பில் செருகிக்கொண்டு மரமேறலாம், ஓடை தாண்டலாம், பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்கலாம். படமும் பளிச்சென்று விழும்.

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் கல்யாண வீட்டில் போட்டோ எடுத்துப் பார்த்தவர்கள் இல்லை.

காட்டுப்பன்றி வீட்டுக் கல்யாணத்தில் மாசானம் மேடையேறப் போனபோது பெண்ணின் தாய்மாமன் குறுக்கே வந்து நின்றது.

"எங்க போறீரு? ஆசீர்வாதமெல்லாம் பொறவு. போய் சாப்பிடும்."

"நான் போட்டோக்காரன்வே."

"கேமராவ எங்க?"

"இந்தா, கையில இருக்குல்லா."

"வெத்தலைப் பெட்டியக் காட்டி யாரை ஏமாத்துதீரு?"

மாசானம் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் தோளை அமுக்கிப் பந்தியில் உட்கார வைத்து இலையும் போட்டுவிட்டார்கள். வடையை ஒரு கடி கடித்தபோது கெட்டிமேளம் கேட்டது. பன்றி வீட்டு ஆல்பத்தில் இன்றுவரை தாலி கட்டுகிற படம் கிடையாது. அந்தக் கீரி சாப்பிட வந்த ஆள் என்று காடு முழுக்கப் பேச்சானது.

இந்த லட்சணத்தில் ராசா வீட்டிலிருந்து ஆள் வந்து மாசானத்தைக் கூட்டிப்போனது. ராசா என்றால் சிங்கம். மற்றவர்களை 'அது' என்று சொன்னாலும் இவரை 'அவர்' என்றுதான் சொல்லப்போகிறேன். கதை சொல்கிறவனுக்கும் உயிர் வெல்லம்தான்.

"ஏல மாசானம், சின்னவளுக்குக் கல்யாணம் கூடியிருக்கு. படம் நீதான் எடுக்கே" என்றார் ராசா. "மூத்தவ கல்யாணத்துல தாலி கட்டுத படம் விட்டுப்போச்சு. எடுத்தது ஒரு முயல்."

"அந்த முயல் இப்ப எங்க இருக்கு ராசா?"

ராசா பல்லைக் குத்திக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்ல முயல்" என்றார்.

அந்த முயலுக்குப் பிறகு காட்டிலிருந்த மற்ற போட்டோக்காரர்களெல்லாம் விவசாயத்துக்குப் போய்விட்டது மாசானத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து பெண்டாட்டி சொர்ணத்திடம் சொல்லி அழுதது.

"அழுதா ஆச்சா?" என்றது சொர்ணம். "பன்னி வீட்டுலயே வடையக் குடுத்து உட்கார வச்சிட்டாவ. ராசா வீட்டுல இந்தச் சொப்புச் சாமானுக்கு யாரு வழி விடுவா? போயி பெரிசா ஒண்ணு வாங்குங்க. எனக்கு நீங்க முழுசா வேணும்."

கேமராக் கடை வைத்திருந்தது ஒரு கரடி அண்ணாச்சி. முதலில் ஒரு நடுவாந்தரத்தை எடுத்து வைத்தது.

"இது கைக்குக் கொஞ்சம் பெரிசு, கண்ணுக்குக் கொஞ்சம் சிறிசு. ரெண்டுக்கும் பொதுவா இருக்கும். இதுல குறை இருக்குன்னு ஒருத்தர் வந்து சொன்னதில்ல."

"அவ்வளவு நல்லதா அண்ணாச்சி?"

"ஒருத்தரும் வாங்கினதில்ல."

பழைய கதையாக இருந்தால் கீரி அதையே வாங்கி, அளவோடு வாழ்ந்து, நாமும் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாம். மாசானத்தின் கண் அதற்குப் பின்னால் இருந்த பெரிய கேமரா மேல் போய்விட்டது.

"அது ஆனைக்குச் செஞ்சது" என்றது கரடி. "பாரமா இருக்குன்னு ஆனை திருப்பிக் குடுத்துட்டுது."

மாசானம் கட்டிப்பிடித்துப் பார்த்தது. இரண்டு கையும் சேரவில்லை. பார்க்கிற ஓட்டையில் கண்ணை வைத்தால் பொத்தான் அடுத்த தெருவில் இருந்தது. பொத்தானுக்குக் கை போனால் கண் போகவில்லை. வாரைக் கழுத்தில் மாட்டியதும் தலை முழங்காலுக்கு வந்தது.

"கை எட்டலையே அண்ணாச்சி."

"கை எட்டாட்டி என்னவே? பேரு எட்டும்லா!"

குருவி தலையில் பனங்காய் என்பார்களே, அப்படித்தான் அது வீடு வந்து சேர்ந்தது. சொர்ணம் பின்னாலிருந்து தள்ளியது.

கல்யாணத்தன்று மாசானம் அதை இழுத்துக்கொண்டு பந்தலில் நுழைந்தது. கூட்டம் தானாக விலகியது. யானைகள் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றன. "கேமராக்காரருக்கு வழி விடுங்கல!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். பன்னீர் தெளித்தார்கள். வாயாடிக் கிளிகள்கூட வாயை மூடிக்கொண்டு, கேட்காமலேயே தலையைச் சாய்த்துச் சிரித்தன. மாசானத்துக்குக் கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அது இருந்ததில்லை.

புரோகிதர் கொக்கு ஒற்றைக் காலில் நின்று தலையசைத்தது. மரங்கொத்திகள் கெட்டிமேளம் கொட்டின. மாசானம் மூச்சைப் பிடித்துக் கேமராவைத் தூக்கியது. இடுப்பு வரைக்கும் வந்தது. நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்குமேல் வராமல், வந்த வழியே கீழே போனது, கீரியையும் கூட்டிக்கொண்டு. அடியிலிருந்து மாசானம் ஊர்ந்து வெளியே வந்தபோது மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை அதன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"படம்?" என்றார் ராசா.

மாசானத்துக்குச் சொர்ணம் ஞாபகம் வந்தது. முயலும் ஞாபகம் வந்தது.

"விழல ராசா."

ராசா எழுந்து வந்தார். கீரி கண்ணை இறுக மூடிக்கொண்டது. அவர் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்துத் திரும்பினார்.

"மாப்ள! இம்புட்டுப் பெரிய கேமராவுக்கே சிக்காத அளவுக்கு உமக்கு என்னய்யா அவசரம்?"

"மாமா, நல்ல நேரம் முடியப்போகுதுன்னு..."

"நல்ல நேரத்தக் கேமராக்காரரு சொல்லுவாரு. கழத்தும். முதல்லயிருந்து கட்டும்."

கட்டிய தாலியைக் கழற்றுவதா என்று கொக்கு வாயைத் திறந்தது. ராசாவும் வாயைத் திறந்தார். கொக்கு அந்த வாய்க்குள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாஸ்திரத்துல இடமிருக்கு" என்றது.

இன்னொரு தடவை தப்ப முடியாது என்று மாசானத்துக்குத் தெரியும். பெரிய கேமராவை மேடையில் நிறுத்திவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் குனிந்தது. வழக்கம்போல் இடுப்பில் செருகியிருந்த சின்னக் கேமராவை உருவி, ஓரமாக நீட்டி, ஒரே ஒரு அமுக்கு. மூன்றாவது முடிச்சு, பெண்ணின் வெட்கம், தாய்ச் சிங்கத்தின் கண்ணீர், மாப்பிள்ளையின் கை நடுக்கம் எல்லாம் விழுந்துவிட்டன.

படத்தைப் பார்த்த ராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய கேமரா பெரிய கேமராதாம்ல!" என்றார்.

"ராசா, நெசத்தச் சொன்னா இத எடுத்தது..." என்று மாசானம் தொடங்கியது. ராசாவின் கடைவாய்ப் பல் கண்ணில் பட்டது. "...நீங்க குடுத்த தைரியம்" என்று முடித்தது. சின்னக் கேமராவை நினைக்க அதற்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பந்தி போட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு மாசானம் இல்லாமல் காட்டில் கல்யாணமே நடக்கவில்லை. கழுத்துதான் போய்விட்டது. ஒருநாள் சொர்ணம் பெரிய கேமராவைத் திறந்து, உள்ளேயிருந்ததையெல்லாம் வழித்தெடுத்து வெளியே போட்டது.

"பாக்குறவனுக்கு உள்ள என்ன இருந்தா என்ன?"

கேமரா காய்ந்த சுரைக்குடுக்கையாகிவிட்டது. ஒற்றைக் கையால் தூக்கலாம். உள்ளே சின்னக் கேமரா வைக்கலாம், முறுக்கு வைக்கலாம், மழை வந்தால் மாசானமே உட்கார்ந்துகொள்ளலாம்.

அடுத்த மகளின் கல்யாணத்துக்குச் சொல்ல அந்தக் காட்டுப்பன்றியே நேரில் வந்தது. கேமராவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"இந்தத் தடவை தாலி கட்டுதது விழுந்துரும்லா அண்ணாச்சி?"

மாசானம் ஒரு முறுக்கை எடுத்து நிதானமாகக் கடித்தது.

"மாப்பிள்ளை ஒழுங்காக் கட்டினா விழும்."

நீதி: கேமரா கைக்கு அடங்கினால் விட்டுப்போன படத்துக்குப் பழி உனக்கு, அடங்காவிட்டால் மாப்பிள்ளைக்கு. ஆகவே பெரியதாக வாங்கு, உள்ளே முறுக்கு வை.