கழற்றிப் போட்ட வால்வும் மூன்றாம் ஓலையும்

என் மாமனாரை ஒரு முறை கொல்லப் பார்த்தேன். வேண்டுமென்று செய்ததல்ல. அப்போது அவர் எனக்கு முழு மாமனாராகக்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கி இருந்தது. (கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து இப்படி யோசிக்கிறவர்கள் உண்டு. நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன்.)

2007ஆம் வருடம். பாளையங்கோட்டையிலிருந்து வந்து, ஹைதராபாத் கொண்டாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். கையில் காசு வந்ததும் எல்லோரும் ஃபிளாட் வாங்கினார்கள். நான் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்கினேன். வாங்கியதோடு நிற்கவில்லை. ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியை நான்கு அங்குலம் தூக்கி, பெரிய டயரும் போட்டேன். பாறைமேல் ஏற்றுவதற்கு என்று சொல்லிக்கொண்டேன். கடைசிவரை அது ஏறிய அதிகபட்ச உயரம் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் இருந்த வேகத்தடைதான்.

தூக்கிய பிறகு ஒரு கோளாறு தெரிந்தது. பிரேக் பிடித்தால் முன்சக்கரம் மட்டும் பிடித்தது; பின்சக்கரம் எனக்கென்ன என்று உருண்டது. மௌலா அலியில் யாகூப் பாய் என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்ஸிலுக்கு மேலே இருந்த ஒரு சின்ன வால்வைக் காட்டினார். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று ஆக்ஸிலுக்கு ஓடியது. பாரம் ஏற்றினால் வண்டி தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின்சக்கரத்துக்கு நிறைய பிரேக் போகும். காலி வண்டி என்றால் உயர்ந்து நிற்கும், பிரேக் குறைவாகப் போகும். நான் வண்டியையே தூக்கிவிட்டதால், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் காலி என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. வால்வின் மேல் தப்பில்லை, தப்பு என்மேல். அதை அன்று யார் ஒப்புக்கொண்டது?

“கழட்டி எறிஞ்சிடுங்க பாய்” என்றேன்.

“நக்கோ சாப், நிக்கால்னா நக்கோ! ராட் லம்பா கர் தேதூம், பஸ்” என்றார் பாய். கழற்ற வேண்டாம், கம்பியை நீளமாக்கித் தருகிறேன், அது போதும் என்கிறார். முப்பது வருடமாக வண்டிக்கு அடியில் படுத்தவர். நான் பையிலிருந்து ஒரு பிரிண்ட் அவுட்டை எடுத்தேன். அமெரிக்காவில் யாரோ ஒருவர் இணையத்தில், அந்த வால்வைக் கழற்றிய நாளிலிருந்து ஆனந்தமாக இருப்பதாக எழுதியிருந்தார். அவருடைய வண்டியின் படமும் இருந்தது. அதன் முதுகில் ஒரு பெரிய மரப்பெட்டி நிரந்தரமாக ஏற்றியிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. பாய் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நானே கழற்றினேன். கொண்டாப்பூர் பார்க்கிங்கில் படுத்து, முகமெல்லாம் பிரேக் ஆயில் வடிய, வால்வை எடுத்துவிட்டு பைப்பை நேராக இணைத்தேன். இனி பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்சக்கரத்துக்கு முழு பிரேக். பிறகு டெஸ்டர் அல்லவா, சும்மா விடுவேனா? பன்னிரண்டு மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். அடடா, என்ன பிரேக்! கால் வைத்த இடத்தில் வண்டி நின்றது. பதினான்கு சோதனைகள், பதினான்கிலும் வெற்றி என்று எக்ஸெல்லில் பச்சை வண்ணம் பூசி வைத்தேன். மூட்டைகளை இறக்கச் சோம்பல்பட்டு ஒரு வாரம் மணலோடுதான் ஆபீஸ் போனேன்.

இனி மாமா. பெயர் ஜெபராஜ். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம், வீடு மௌலா அலியில். தமிழ்ச் சபையில் காரியதரிசி. பாடகர் குழுவில் எல்லோருக்கும் கீழே ஒலிக்கிற பாஸ் குரல். ஊருக்குக் கிளம்பினால் கேஸ் சிலிண்டரை மூன்று தடவை மூடிப் பார்க்கிற மனிதர். தன் மகள் ஷீபாவுக்கு என்னைப் பார்க்க வந்தபோது சம்பளம், சொத்து எதையும் கேட்கவில்லை. “பையன் நிதானமானவனா?” என்று மட்டும் விசாரித்தாராம். ஆமாம் என்று யாரோ வாய்கூசாமல் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று போதகர் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பார்ப்பார். எங்களுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை வாசிக்கிற அன்றைக்கே, விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கிற அறுப்பின் பண்டிகையும் வந்தது. ஆராதனை முடிந்து கோயிலில் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) சபைக்கே விருந்து. முதல் நாள் சனிக்கிழமை மத்தியானம் மாமா போன் செய்தார்.

“மாப்ள, ஹப்சிகுடாவுல இருந்து விருந்துக்கு அண்டா, அரிசி மூட்டையெல்லாம் கோயிலுக்குக் கொண்டு வரணும். உங்க வண்டி கிடைக்குமா?”

கிடைக்குமாவா? மணல் மூட்டைகளைப் பார்க்கிங்கிலேயே இறக்கிப் போட்டுவிட்டு வண்டி கழுவிய ஈரத்தோடு ஓடினேன். சனிக்கிழமை நெரிசலில் ஊர்ந்துதான் போனதால் பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டியே வரவில்லை. அண்டாக்களும் அரிசியுமாகப் பாரத்தில் வண்டி தாழ்ந்தது. வழியில் ஒரு எருமை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். அண்டா மூடிகூட அசையாமல் வண்டி நின்றது.

“ஹவ், ஆமா! பிரேக்குன்னா இதுல்ல பிரேக்கு!” என்றார் மாமா.

“நானே செஞ்சது மாமா” என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் இன்றைக்கும் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

கோயிலில் எல்லாவற்றையும் இறக்கினோம். மாமாவை வீட்டில் விடப் புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. பின்னால் ஒரு பொட்டுப் பாரம் இல்லை. மாமா சந்தோஷமாக இருந்தார். மறுநாள் பாட வேண்டிய பாட்டின் பாஸ் பகுதியை, கதவுக் கண்ணாடி அதிரும்படி, பாடிக்கொண்டே வந்தார். மௌலா அலி இறக்கத்தில் முன்னால் போன ஷேர் ஆட்டோ, கை காட்டிய யாரோ ஒருவருக்காகச் சடாரென்று நின்றது.

பிரேக்கை மிதித்தேன்.

பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, ஆனால் பாரமில்லாத பின்பக்கம் நிற்காமல் வழுக்கியது. அது என்னை முந்திக்கொண்டு முன்னால் போகப் பார்த்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், திருப்பியதற்கும் வண்டி போனதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முன்கண்ணாடியில் ஆட்டோ வந்தது, டீக்கடை வந்தது, மதில் சுவர் வந்தது, மறுபடி ஆட்டோ வந்தது. மாமா பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் முப்பது வருடமாக பாஸ் பாடிய குரல் ஒவ்வொரு படியாக மேலே ஏறி, சபையில் எந்தப் பெண்மணியும் தொடாத ஓர் உச்சியில் போய் நின்றது. அதோடு வண்டியும் நின்றது. வெளியே ஒரு மின்கம்பம். அதற்கும் மாமாவின் கதவுக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம்தான் இருந்தது.

வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் செத்திருப்பார், நான் கொன்றிருப்பேன் என்ற ஒரே நினைப்பு. கால் பிரேக்கிலிருந்து வர மறுத்தது. மாமா கதவுக்கு வெளியே கம்பத்தைப் பார்த்தார். பிறகு முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார்.

“ஏலே” என்றார் மெதுவாக. “நாம வந்த வழியையில்ல பாத்துட்டு நிக்கோம்.”

அதுவரை ‘மாப்ள, நீங்க, வாங்க’ என்று பேசியவர். அந்த ‘ஏலே’ கம்பத்தைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்தியது.

“மழை மாமா... ரோடு வழுக்கிடுச்சு” என்றேன். (சொல்லும்போதே வைப்பரின் வேகத்தைக் கூட்டினேன்.)

இறங்கினோம். கூட்டம் கூடியது. இவ்வளவு பெரிய ஹைதராபாத்தில் வண்டி வந்து நின்ற இடம் யாகூப் பாயின் ஷெட்டுக்கு எதிரில். பாய் ஓடி வந்தார். யாருக்கும் அடி இல்லை என்று பார்த்தார். பிறகு மழையைப் பொருட்படுத்தாமல் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார்.

“நிக்கால் தியே!” என்று கத்தினார். “கைக்கு நிக்காலே சாப்? மைம் நக்கோ போலா தா நா?”

கழற்றிவிட்டீர்களே, ஏன் கழற்றினீர்கள், நான்தான் வேண்டாம் என்றேனே! வேறு ஊர்த் தமிழர் என்றால் இது புரியாமல் தப்பித்திருப்பேன். மாமா பிறந்ததே இங்கே. என்னை மொழிபெயர்ப்புக்குக்கூட அவர் நம்பியிருக்கத் தேவையில்லை.

“என்ன கழட்டுன?”

சொன்னேன். வால்வு, கம்பி, அமெரிக்கக்காரர், பன்னிரண்டு மூட்டை, பதினான்கு பச்சை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலை நனைய நின்று கேட்டார்.

“காலி வண்டியில பிரேக் போட்டுப் பாத்தியா?”

டெஸ்டருக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது. எதையும் நிரப்பாமல் காலியாக விட்டு பட்டனை அழுத்திப் பார், என்ன ஆகிறது என்று. இந்த ஒரு கேள்வியால் எத்தனையோ புரோகிராமர்களின் ஞாயிற்றுக்கிழமையை நான் கெடுத்திருக்கிறேன். அதே கேள்வியை இப்போது சபைக் காரியதரிசி என்னிடம் கேட்டார். என் பதினான்கு சோதனைகளில் ஒன்றுகூடக் காலி வண்டியில் செய்ததில்லை.

“நான் நடந்தே போறேன்” என்று சொல்லிவிட்டு மாமா மழையில் நடந்தார். பின்னாலேயே குடையோடு ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஷீபா போன் செய்தாள். “அப்பா யார்கிட்டயும் பேசல. காபி குடிக்கல. நிதானமானவன்னு சொன்னாங்களேன்னு ஒரே ஒரு தடவ சொன்னாரு. நாளைக்கு ஓலை வாசிக்கும்போது என்ன செய்வாரோ, எனக்குத் தெரியாது.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்ன சொல்ல? எங்கப்பாவ இல்ல சுத்திவிட்டிருக்கீங்க!”

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறையக் கரும்பும் பூசணியும் வாழைத்தாரும். நான் பஸ்ஸில் போயிருந்தேன். போதகர் ஓலையை எடுத்தார். எட்வினுக்கும் (நான்தான்) ஷீபாவுக்கும் இது மூன்றாவது ஓலை, ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது தெரிவிக்கலாம் என்றார்.

பாடகர் குழுவின் பின்வரிசையில் மாமா எழுந்து நின்றார்.

அந்தக் கோயிலில் அதுவரை ஓலைக்கு யாரும் எழுந்து நின்றதில்லை. பெண்ணின் தகப்பன் நின்றதைப் பார்த்தவுடன் ஆர்கன் வாசிப்பவர் கை தவறி ஏதோ கட்டையில் விழுந்தது. போதகரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. ஷீபா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். நியாயமும் அவர் பக்கம்தான்.

“கல்யாணத்துக்கு ஆட்சேபணை இல்ல ஐயா” என்றார் மாமா, தன் பழைய பாஸ் குரலில். “ஆனா விருந்து முடிஞ்சதும் பாத்திரத்தத் திருப்பிக் கொண்டு போக வேற வண்டி வேணும். யார்கிட்டயாவது இருந்தா இப்பமே சொல்லுங்க.”

ஆராதனை நடுவே ஒரு கோயில் முழுக்கச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். காரணம் தெரிந்தவர்கள் நாலு பேர்தான். மற்றவர்கள் தப்பித்த நிம்மதியில் சிரித்தார்கள். நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

திங்கட்கிழமையே யாகூப் பாய் வால்வைத் திரும்பப் பொருத்தி, கம்பியை நீளமாக்கி, காலி வண்டியிலும் பாரம் ஏற்றியும் ஓட்டிப் பார்த்து அளவு சரிசெய்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஆனால் மாமா எனக்கு ‘நீங்க’ போட்டது அந்த மழையோடு முடிந்தது. மன்னித்துவிட்டார், மரியாதையை மட்டும் திருப்பித் தரவில்லை.

நான்கு வருடம் கழித்து எங்களுக்கு மகள் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் மாமாவிடம் நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. துணியை விலக்கி, கைவிரல்களைப் பார்த்தார், கால்விரல்களைப் பார்த்தார், காதுகளைப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எல்லாம் இருக்குல்லா? நீ எதையும் கழட்டலையே?”