மோட்டல்காரருக்கு ஓட்டல் லீவு

"சாவியைக் கொடுங்க சார், காரை நான் நிறுத்திக்கறேன்" என்றான் வாசலில் நின்ற சிவப்புக் கோட்டுக்காரன்.

"எதுக்குப்பா? என் ரூம் வாசல்லயே நிறுத்திக்கறேன்" என்றார் ரதிலால்.

"உங்க ரூம் பதினாலாவது மாடி சார்."

டெக்ஸாஸ் நெடுஞ்சாலையோரம் வருஷக்கணக்காக மோட்டல் நடத்தும் மனுஷர். அங்கே காரை விட்டு இறங்கினால் நேராகக் கட்டிலில் விழலாம். ஐஸ் மெஷின் வராந்தாவிலேயே இருக்கும், காலையில் காபி இலவசம். இந்த டாலஸ் ஓட்டலில் எதற்கெடுத்தாலும் ஒருத்தன் வந்து பல்லைக் காட்டினான். திருமண நாளுக்கு மகன் கொடுத்த பரிசு இது. கல்யாணமாகி இதுதான் முதல் லீவு.

லிஃப்டிலேயே மனைவி ஹன்ஸா ஆரம்பித்துவிட்டாள்.

"இதோ பாருங்க, ராத்திரி பகல் பார்க்காம குழாய் ரிப்பேர், கட்டில் ரிப்பேர்னு அலைஞ்சது போதும். இங்கே ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டீங்கன்னு தெரிஞ்சுது, நேரா நியூஜெர்சி, எங்க அண்ணன் வீடுதான். ஆமா!"

சொன்னால் செய்கிறவள். போன தீபாவளிக்குச் செய்தும் காட்டினாள். அந்த மாசம் முழுக்க ரதிலால்தான் ஒற்றை ஆளாக எல்லா ரூமுக்கும் விரிப்பு மாற்றினார்.

மறுநாள் காலையில், "நான் கீழே மசாஜுக்குப் போறேன். மத்தியானம்தான் வருவேன். நீங்க பேசாம படுத்துக் கிடங்க" என்று அவள் கிளம்பினாள்.

படுத்தார். குளியலறைக் குழாய் சொட்டியது. காதைப் பொத்திக்கொண்டு பார்த்தார், தலையணையை வைத்து அழுத்திப் பார்த்தார். மனுஷன் எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்? பேனாக்கத்தியோடு உள்ளே போய் ஒரே ஒரு திருகு திருகினார். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரைக்கு அடித்தது.

"ஐயய்யோ, இது நம்ம மோட்டல் குழாய் மாதிரி இல்லையே!"

அடியில் இருந்த வால்வைத் தேடிப் பிடித்து மூடுவதற்குள், இருந்த துண்டெல்லாம் தொப்பலாகிவிட்டன. ஆளைக் கூப்பிட்டால் விஷயம் ஹன்ஸா காதுக்குப் போய்விடும். துண்டுகளை மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நழுவினார்.

லிஃப்டில் ஒரு தடிமனான ஆசாமி, "ஏம்ப்பா, அப்படியே என் பெட்டியையும் தூக்கிக்கோ" என்றார். மறுத்தால் ரகளையாகும். தூக்கினார். பத்தாவது மாடியில் ஏறிய அம்மாள், "என் ரூமுக்கு இன்னும் தலையணை வரல, என்ன வேலை பார்க்கறீங்க?" என்று எரிந்து விழுந்தாள். அவளுக்கும் தலையணை தேடிக் கொடுத்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்து அடித்தளத்துச் சலவை அறைக்கு வந்து சேர்ந்தார்.

வேலைக்காரப் பெண் மரிஸோல் வாசலிலேயே வழிமறித்தாள்.

"ரூம் எடுத்தவங்க இங்கெல்லாம் வரக் கூடாது சார்."

"அம்மா தாயே! இதைக் கொஞ்சம் உலர்த்திக் கொடு. பதிலுக்கு உன் விரிப்பு, துண்டு எல்லாத்தையும் நான் மடிச்சுத் தர்றேன். என் பொண்டாட்டிக்கு மட்டும் தெரிஞ்சுடக் கூடாது!"

மரிஸோல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மடிக்க ஒண்ணும் மிச்சமில்லை சார். மசாஜுக்குப் போறேன்னு புருஷன்கிட்ட பொய் சொல்லிட்டு வந்த ஒரு அம்மா, காலையிலேருந்து உள்ளே உக்காந்து எல்லாத்தையும் மடிச்சு முடிச்சுட்டாங்க!"