மாரெக் மீது ஒரு பிராது

விருத்தாசலத்தை விட்டு வெளியே போகாமலே வேறொரு நாட்டுப் பனியில் நடுங்கிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் டிங்கக்கா. மாசி மாத வெயிலில் செராமிக் கொட்டகையின் தகரக் கூரை காய்ந்து, நாங்கள் எல்லோரும் முந்தானையால் விசிறிக்கொண்டிருப்போம். அவர் மட்டும் தலையோடு காதோடு துண்டைச் சுற்றிக்கொண்டு, "இன்னிக்கி ரோடெல்லாம் வழுக்குதாம். பாத்துப் போங்கடி" என்பார். வெளியே தார் உருகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். சூளையில் வெந்து வரும் கப்புகளைக் குச்சியால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. நல்ல கப் 'டிங்' என்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'டொக்' என்னும். டொக் கப்பைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருக்கும் உடைசல் குவியலுக்கு எறிவார். குறி தப்பியதே இல்லை. அந்தக் குவியல் பக்கம் படுத்திருந்த நாய்கூட அவர் கை உயர்ந்தால் தலையைத் தாழ்த்திக்கொள்ளப் பழகியிருந்தது.

கப்போடு நிறுத்தினாரா? மனிதர்களையும் தட்டுவார். மேஸ்திரி வந்து, "நாளைக்கு ஆளு வந்து ஃபேனு மாட்டிடுவான்மா" என்று சொன்னால், இவர் தலை நிமிராமல் "டொக்கு" என்பார். மேஸ்திரி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஃபேன் கடைசிவரை வரவில்லை.

அவருக்குப் பக்கத்தில் கப்புகளைப் பளபளப்புப் பூச்சான கிளேஸ் தொட்டியில் முக்கி எடுப்பது என் வேலை. நான் நாள் முழுக்க வாய் திறக்காதவள். அதனால்தான் அவர் பக்கத்தில் உட்கார என்னைப் போட்டார்கள். வேறு யாரும் அங்கே உட்காரச் சம்மதிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

டிங்கக்காவுக்கு ஒரே மகன், ஏழுமலை. புருஷன் இல்லை. மகன் ஏஜென்ட் மூலமாகப் போலந்து நாட்டில் ஒரு டைல்ஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனான். போய்ச் சேர்ந்த வாரமே ஃபோனில், "எம்மா, இங்க வேலை செய்யுற எடத்துல காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ரேடியோ ஓடுது. ஒரு எழவும் புரியல" என்று அழாக்குறையாகச் சொன்னான். அக்கா அரை நிமிடம் யோசித்தார். "அந்த ரேடியோவ எனக்கும் அனுப்பு" என்றார்.

மகன் லிங்க் அனுப்பினான். மறுநாள் முதல் கப் அடுக்கும் பலகைமேல் அவருடைய ஃபோன் ஓயாமல் போலந்து பேச ஆரம்பித்தது.

"இன்னாத்துக்குக்கா இது? ஒண்ணும் புரியலியே" என்று ஒரு நாள் துணிந்து கேட்டேன்.

"எம்புள்ள காதுல இன்னா வுழுதோ அது எங்காதுலயும் வுழணும். அவ்ளோதான்."

"அர்த்தம் தெரிய வேணாமா?"

"பொறந்த கொழந்த அர்த்தம் கேட்டுக்கினா இருக்குது? கேட்டுக்கினே கெடக்கும். ஒரு நாளைக்கிப் பேசும். நீ கப்ப முக்கு."

நம் மத்தியானம் அவர்களுக்குக் காலை. அந்த நேரத்தில் மாரெக் என்று ஒருவர் வந்து செய்தி, வானிலை, போக்குவரத்து எல்லாம் சொல்வார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரல். அவர் வந்துவிட்டால் அக்கா குச்சியைக்கூட மெதுவாகத்தான் தட்டுவார். சாயங்காலம் மகன் ஃபோன் செய்ததும் பரீட்சை நடக்கும். "ஏண்டா, இன்னிக்கி அங்க மழதான?" "ஆமாம்மா." "ஆத்துப் பாலத்துல வண்டி மோதிக்கிச்சா?" ஏழுமலை பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டு, "ஆமாம்மா... உனக்கு எப்படித் தெரியும்?" என்பான். அந்தக் கேள்வியில் பயம் இருக்கும். அப்படிச் சரிபார்த்துச் சரிபார்த்து, மழைக்கு இந்தச் சத்தம், மோதலுக்கு இந்தச் சத்தம், சாவுக்கு இந்தச் சத்தம் என்று அக்கா சேர்த்துக்கொண்டே போனார். பார்க்காத ஊரின் சாவுச் செய்தி கேட்டு, இங்கே பஸ் ஸ்டாண்டில் நின்று உச்சுக்கொட்டுவார். சரியான வெயிலில் குடை எடுத்து வருவார். கேட்டால், "சாயங்காலம் கொட்டும்." எங்கே கொட்டும் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இருக்காது.

இதுவரை சிரிப்புதான். ஒரு மத்தியானம் சிரிப்பு நின்றது.

அன்று வானம் மூடிக் கொட்டகை இருட்டிக் கிடந்தது. கரண்ட் வேறு போனது. மாரெக் பேசிக்கொண்டிருந்தார். எல்லோரும் டீ குடித்தபடி ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தோம். ஃபோனில் சார்ஜ் இறங்கித் திரை அணைந்ததை நான் பார்த்தேன். மாரெக் மட்டும் நிற்கவில்லை.

அதே கிணற்றுக் குரல். அதே வேகம். நடுவில் அதே செருமல். குரல் ஃபோனிலிருந்து வரவில்லை. அக்காவின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். கை பாட்டுக்குக் கப்பைத் தட்டிக்கொண்டிருந்தது. டிங். டிங். என் கையிலிருந்த கப் தொட்டிக்குள் விழுந்த சத்தத்தில்தான் அவர் கண்ணைத் திறந்தார்.

"இன்னாடி?" என்றார், தன் குரலில்.

அன்றிலிருந்து அவர் பக்கம் வருவதே நான் மட்டும்தான். மேஸ்திரியும் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் ஏதோ அவசரத்தில் உள்ளே வந்து, "கப்ப சீக்கிரம் தட்டும்மா" என்று அதட்டினார். பதில் மாரெக் குரலில் வந்தது. மேஸ்திரி அப்படியே பின்பக்கமாக நடந்து வெளியே போனார். மனிதர் அப்படி நடந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

விஷயம் அக்காவின் அண்ணன் காதுக்குப் போனது. ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர். என்னை வழிமறித்துக் கேட்டார். "யாரும்மா அந்த மாரெக்கு?"

"ரேடியோவுல பேசறவருங்க."

"ரேடியோவுல இருக்கறவன் எந்தங்கச்சி வாய்க்குள்ள எப்படி வந்தான்?"



எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட சங்கடத்துக்குப் போலீஸ் ஸ்டேஷன் போக மாட்டோம். கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டுவோம். யார் மேல் புகாரோ அவர் பெயர், ஊர் எல்லாம் எழுதிச் சாமியிடம் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வந்தால், சாமி ஆளைத் தேடிப் போய் விசாரிக்கும். சாமி போய் வரும் தூரத்துக்குப் படிப்பணம் உண்டு. துணைக்கு வா என்று அண்ணன் என்னையும் ஆட்டோவில் ஏற்றினார். வர மாட்டேன் என்று சொல்லத் தெரியாததால் நானும் போனேன். கோயிலுக்கு வெளியே ஒரு பெரியவர் பிராது எழுதிக்கொண்டிருந்தார்.

"எதிரி பேரு?"

"மாரெக்குங்க."

"அப்பா பேரு?"

"தெரியாதுங்க."

"ஊரு?"

"போலந்துங்க."

"எந்தத் தாலுகா?"

"வெளிநாடுங்க."

பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உசுரோட இருக்கறவனா, செத்தவனா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பேசுறானுங்க. அது மட்டும் தெரியும்" என்றார் அண்ணன்.

"செத்தவனும் பேசுவான். சரி, 'குரல் மட்டும் உடையவர்'னு போட்டுக்கறேன். எவ்ளோ தூரம்?"

அண்ணன் ஃபோனில் தேடிப் பார்த்தார். படிப்பணக் கணக்கில் வியர்த்துவிட்டது. பெரியவரின் காதருகே அண்ணன் குனிந்து, "சேலம் வரைக்கும் போட்டுக்குங்க சாமி. அதுக்கப்புறம் கொளஞ்சியப்பரு பாத்துக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பிராது கட்டிய இரண்டு நாள் கழித்து ரேடியோவில் மாரெக் வரவில்லை. அவர் இடத்தில் ஒரு பெண் பேசினாள். மறுநாளும் அவளேதான். அக்காவுக்கு முகம் செத்துப்போனது. "இவ ஓடுறாடி. ஒரு வார்த்த பிடிக்கறதுக்குள்ள அடுத்த தெருவுக்குப் போயிடுறா. என் ஆளு எங்க போனாரு?" என்று புலம்பினார். நான் கப்பை முக்கிக்கொண்டே இருந்தேன். அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஆட்டோவை விட்டு இறங்கிவிட்டார். "சேலம் வரைக்கும்தானம்மா கட்டினேன்!"

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் அக்காவின் குச்சி காற்றில் நின்றது.

"நெருப்பு" என்றார். "நெருப்புன்னு சொன்னா. டைல்ஸ் ஃபேக்டரின்னு சொன்னா. எம்புள்ள ஃபேக்டரி பேரச் சொன்னாடி."

"அப்புறம்க்கா?"

"அப்புறம் இன்னா சொன்னான்னு தெரியல. ஓடிட்டா."

ஏழுமலைக்கு ஃபோன் போட்டோம். சுவிட்ச் ஆஃப். ஏஜென்ட் எடுக்கவில்லை. சாயங்காலம் வர வேண்டிய ஃபோன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆனால் அக்கா வேலைக்கு வந்தார். வீட்டில் சிக்னல் சரியில்லை, ரேடியோ நின்று நின்று வரும், அதனால் வந்தார். ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பேச்சைத் துரத்திக்கொண்டே இருந்தார். நெருப்பு என்ற சத்தம் வந்தது. ஆஸ்பத்திரி என்ற சத்தம் வந்தது. செத்தார்கள் என்பதற்கும் ஒரு சத்தம் உண்டு. அது வருகிறதா, வராமல் போகிறதா என்று தெரிந்தால் போதும். அவள் வேகத்தில் அது மட்டும் பிடிபடவில்லை. "அவரா இருந்தா எனக்கு நிறுத்திச் சொல்லியிருப்பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அண்ணனுக்கு மனசு தாங்கவில்லை. தங்கச்சியிடம் பிராது விஷயத்தை உடைத்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அக்கா அடிக்கவில்லை. "போயி ராஜினாமா பண்ணிட்டு வாண்ணா. அந்த மனுசன் வாயக் கட்டிப்புட்டியே" என்று மட்டும் சொன்னார். கட்டிய பிராதைத் திரும்ப வாங்குவதற்கு ராஜினாமா என்று பெயர். அண்ணன் போன வேகத்தில் ஆட்டோவின் பின்னால் எழுந்த புழுதி கொட்டகைக்குள் வந்து எங்கள் கப்புகளின் மேலெல்லாம் படிந்தது.

அவர் திரும்பி வந்து வாசலில் ஆட்டோவை நிறுத்துவதற்கும் அக்கா ஃபோன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. திரையில் ஏழுமலை பெயர். ஆனால் பேசியது ஒரு வெள்ளைக்காரப் பெண். விடாமல் ஏதோ சொன்னாள். அண்ணன் ஃபோனைப் பிடுங்கி, "ஹலோ! ஏழுமலை! ஹலோ!" என்று கத்தினார். அவளும் கத்தினாள். அக்கா ஃபோனை வாங்கினார். கண்ணை மூடினார்.

மாரெக் பேசினார்.

என்ன பேசினார் என்பதைப் பிறகு அக்காவே எனக்குச் சொன்னார். அவருக்குத் தெரிந்த போலந்து எல்லாம் ரேடியோ போலந்து. மகனே, கண்ணே என்பதற்கெல்லாம் அதில் வார்த்தை இல்லை. அதனால், "நேயர்களுக்கு வணக்கம். டைல்ஸ் ஃபேக்டரியில் நெருப்பு. உயிரிழப்பு உண்டா?" என்று செய்தி வாசிப்பது போலக் கேட்டிருக்கிறார்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு ரொம்ப நிதானமாகப் பதில் வந்தது. "உயிரிழப்பு இல்லை. காயம்."

"நிலைமை?"

"நிலைமை கட்டுக்குள் உள்ளது."

என்றைக்கு எழுந்து நடப்பான் என்று கேட்க வேண்டும். அதற்கு வார்த்தை இல்லை. "நாளைய வானிலை?" என்றார்.

அந்தப் பெண் சிரித்தது எங்களுக்கே கேட்டது. சிரிப்பு முடியும் இடத்தில் அவள் குரல் உடைந்தது. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். "நாளை வெயில்" என்றாள். ஏழுமலைக்குப் புகை ஏறித் தொண்டை புண்ணாகியிருந்தது, பேச முடியவில்லை, கையைக் காட்டி அம்மா நம்பரைப் போடச் சொன்னான் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது அவள் செய்தது, ஃபோனைக் கொண்டுபோய் அவன் வாயருகே வைத்ததுதான். அக்கா அந்த மூச்சையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கண்ணைத் திறந்து என்னிடம், தன் குரலில் சொன்னார்.

"விரிசல் இல்லடி."

மறுநாள் மத்தியானம் மாரெக் ரேடியோவுக்கு வந்துவிட்டார். இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல். தொண்டை கட்டிப் படுத்திருந்தாராம், அவரே சொன்னாராம். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஏழுமலை தேறி ஊருக்கு வந்தபோது அக்கா ஆசையாசையாக அவனிடம் போலந்தில் பேசினார். பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "எம்மா, எனக்கு அந்தப் பாஷயே தெரியாதும்மா! ரூமுல பூரா நம்ம ஆளுங்கதான். நாலு வார்த்ததான் தெரியும். அதுல ரெண்டு கெட்ட வார்த்த!"

இனி அங்கே போக மாட்டேன் என்று அவன் சொன்ன அன்றே அக்கா ரேடியோவை நிறுத்திவிட்டார். "எம்புள்ளயே இங்க வந்துட்டான். அந்த ஊரு எனக்கு இன்னாத்துக்கு?" அத்தனை பாடுபட்டுச் சேர்த்த பாஷையை வீடு காலி செய்கிற மாதிரி விட்டுவிட்டு, கம்மாபுரம் பக்கம் மகன் வைத்த டூவீலர் மெக்கானிக் கடைக்குத் துணையாகப் போய்விட்டார்.

இப்போது தினமும் மத்தியானம் எனக்கு அவரிடமிருந்து ஃபோன் வருகிறது. முதல் நாள் என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்தேன். "பேச வேணாம்டி. சும்மா வெச்சிரு" என்றார். கிளேஸ் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கப் முங்குவதையும், நாய் குரைப்பதையும், மேஸ்திரி பொய் சொல்வதையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நானும் பேசுவதில்லை. வேலை முடிந்து கை கழுவியதும், "போயிட்டு வரேங்க்கா" என்று ஃபோனைப் பார்த்துச் சொல்வேன். பதில் வராது. சிவப்புப் பட்டனை அழுத்த மனசு வராமல், தெருமுனை வரைக்கும் அப்படியே கையில் எடுத்துக்கொண்டு நடப்பேன்.