ஸ்லைடுக்குள் இறங்கிய டிராகன்

தைபே நகரத்து அலுவலகங்களில் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஸ்லைடுக்கு வாஸ்து! எழுத்து வலப்பக்கமிருந்து பறந்துவந்தால் லாபம் வாசலோடு திரும்பிவிடுமாம். சுழன்றுகொண்டே வந்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றுமாம். (அதற்கு வாஸ்து எதற்கு? யாருக்கும் சுற்றத்தான் செய்யும்.)

இதைக் கண்டுபிடித்த மகான் குரு தூ. மென்பொருள் எழுதத் தெரிந்தவர்கள்கூட அவர் வரும் வழியில் ஊதுவத்தியோடு நின்றார்கள்.

பெய்ஜுன் வேலைபார்த்த கம்பெனி நூடுல்ஸ் இழுக்கும் இயந்திரம் செய்தது. பணம் போட வரும் ஜப்பான்காரர்களுக்காக அவள் ராப்பகலாய் இணையத்தில் உட்கார்ந்து ஸ்லைடுகள் செய்திருந்தாள். மாவு உப்பும், நீளும், நூலாய்ப் பிரிந்து கிண்ணத்தில் விழும். பார்த்தால் பசிக்கும்.

முதலாளி காவ் அதைக் குருவிடம் காட்டினார். குரு கையை நீட்டினார். திரையில் கிண்ணம் தானாக நகர்ந்தது! தங்க டிராகன் ஒன்று மேலெழுந்து வாலை ஆட்டியது. காவ் அழுதேவிட்டார்.

"இதைச் செஞ்சது புலி வருஷத்துல பொறந்த கை. இனிமே அது தொட்டா காரியம் கெட்டுப்போகும்" என்றார் குரு. சீன ஜாதகத்தில் வருஷத்துக்கு ஒரு மிருகம்; பெய்ஜுனுக்குப் புலி. யார் எந்த வருஷம் பிறந்தார்கள் என்பதைக் காவிடமே பேச்சுவாக்கில் கறந்தவர்தான்.

அன்றோடு பெய்ஜுனை ஸ்லைடிலிருந்தே நீக்கினார்கள். வேலை அவளுக்கு உதவியாக இருந்த பையன் ஆஹாவ் கைக்குப் போயிற்று. அவள் செய்த மாவுக்கு இனி அவன் பேர்.

"அக்கா, எனக்கே வெக்கமா இருக்கு" என்றான் அவன்.

"வெக்கம் கிடக்கட்டும். குருவுக்கு என்னடா குடுத்தீங்க?"

"லிங்க்தான். எடிட் பண்ற அனுமதியோட. ஆவி உள்ள வர கதவு வேணுமாம். அப்புறம் முழுத்திரையில வெச்சாத்தான் இறங்குமாம்."

பெய்ஜுன் சிரித்துவிட்டாள். சுவரைத் தாண்டி வரும் ஆவிக்கு எடிட் அனுமதியா? முழுத்திரையில் வைத்தால் வேறு யார் உள்ளே திருத்துகிறார்கள் என்பதும் தெரியாது. அவள் அவனுக்கு ஒரே ஒரு காரியம் சொல்லிக்கொடுத்தாள்.

ஜப்பான்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் கடைசிப் பூஜை. கம்பெனியே கூடியிருந்தது. ஆஹாவ் திரையில் ஸ்லைடைப் போட்டான். குரு கையை நீட்டினார். மாவு அசையவில்லை. மந்திரம் உரக்க வந்தது. கிண்ணம் கிண்ணமாகவே இருந்தது. குருவின் கழுத்தில் வியர்வை.

"பாத்தீங்களா? புலி உள்ள நிக்குது! அதை வெளிய அனுப்புங்க!"

"போறேன் குருவே. அதுக்கு முன்னாடி ஒண்ணு" என்றாள் பெய்ஜுன். "இது நகல். இதோட லிங்க் உங்ககிட்ட இல்ல. நீங்க வாங்கின லிங்க்ல இருக்கிறதைப் பார்ப்போமா?"

ஆஹாவ் பட்டனைத் தட்டினான். அசல் ஸ்லைடு, முழுத்திரை இல்லாமல், விரிந்தது. அங்கே ஒரே கூத்து! கிண்ணம் துள்ளியது. டிராகன் தலைகீழாகத் தொங்கியது. அதற்குத் துணையாக இன்னொரு டிராகன் வந்தது. ஓரத்தில் யாரோ ஒரு குறிப்பை அடித்தார்கள்:

"மாமா, டிராகன் தெரியுதா இல்லையா? கீழ டீக்கடைல உக்காந்திருக்கேன், ஐஸ் டீல ஐஸெல்லாம் கரையுது. சீக்கிரம் முடிங்க!"

அறையே வெடித்துச் சிரித்தது. குரு தூ செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினார்.

காவ் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா டிராகன் வந்திருக்குல்ல? வேற ஃபைலுக்குப் போயிடுச்சு, அவ்வளவுதானே?"

பெய்ஜுன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதலாளி, என் ஸ்லைடை எங்கிட்டயே குடுத்திடுங்க. அப்படியே உங்க மூளையில யார் யாருக்கு எடிட் அனுமதி குடுத்து வெச்சிருக்கீங்கன்னு பார்த்து, எல்லாத்தையும் ரத்து பண்ணுங்க. இனிமே அந்த மூளையை நீங்களே ஓட்டிப் பாருங்க!"