அமைதி மூலைக்கு ஆள் தேடுகிறோம்

மாங்கேணி,
வெள்ளிக்கிழமை.

அன்புக்குரிய தவமலர் மச்சாள் அறிய,

நானும் உங்கள் தம்பியும் மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். களுவாஞ்சிக்குடியில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

விஷயம் இதுதான். கல்விக் கந்தோரில் உத்தியோகத்தில் இருந்துகொண்டு, மனவடு பற்றிய செயலமர்வுக்கு என்னை அனுப்பியது நீங்கள். போனேன், பாயும் தலையணையுமாகத் திரும்பி வந்தேன், பதறுகிற பிள்ளை வந்திருந்து ஆற, என் இரண்டாம் வகுப்பில் அமைதி மூலையும் வைத்தாயிற்று. சத்தம் கேட்டால் துள்ளுகிற பிள்ளை, வாசலை விட்டு நகராத பிள்ளை, பையைக் கழற்றாத பிள்ளை, இவர்களைக் கண்டுபிடியுங்கள் என்றார் செயலமர்வு நடத்திய வளவாளர். தேடித் தேடிக் களைத்துப்போனேன். என் பிள்ளைகள் தலையணைக்குச் சண்டை பிடிக்கிறார்களே தவிர, ஒன்றும் துள்ளுவதாயில்லை. பிழை செய்த பிள்ளையிடம் "ஏன் செய்தாய்" என்று கேட்கக்கூடாதாம், "உனக்கு என்ன நடந்தது" என்றுதான் கேட்க வேண்டுமாம். பென்சில் பறித்த யசோதினியிடம் அப்படியே கேட்டேன். விடியத் தின்ற புட்டில் தொடங்கினாள், மணி அடித்தும் முடிக்கவில்லை. கணக்குப் பாடம் போயிற்று.

போன கிழமை வளவாளர் பார்வையிட வந்தார். அந்த நேரம் பார்த்துக் கூரைத் தகரம் ஒன்று காற்றில் படாரென்று விழுந்தது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். மேசைக்குக் கீழே போனவள் நான். பின்னால் வந்த பள்ளிக்கூட அதிபருக்கு இடமில்லை, வளவாளர் முந்திவிட்டார். "ஒருத்தரும் பயப்பட வேணாம்" என்று, தலை மட்டும் உள்ளே இருக்க, அதிபர் எங்களுக்குத் தைரியம் சொன்னார்.

மச்சாள், எனக்குக் கோபம்தான் வருகிறது. இந்தப் பிள்ளைகள் யுத்தத்துச் செல்லடியும் காணவில்லை, ஊருக்குள் கடல் வந்ததும் காணவில்லை. கண்டவர்கள் நாங்கள். பயிற்சி தந்தார்கள், பாய் தந்தார்கள், உங்களுக்கு என்ன நடந்தது என்று எங்களிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. ஆகவே இந்தப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டு, பாயைத் தேவையான பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. கடவுள் துணையிருக்கட்டும்.

உங்கள்,
புஸ்பம்

பி.கு.: வகுப்பில் இருந்து கடிதத்தை ஒட்டுவதற்குள் இடி இடித்தது. தோளில் பையோடு வாசலில் போய் நின்றேன், அது என் வழக்கம். யசோதினி வந்து பையைக் கழற்றி வாங்கினாள். "நான் வெச்சிருக்கன் டீச்சர். நீங்க பாயில இரிங்க" என்றாள். இருந்தேன். அவளும் பக்கத்தில் இருந்துகொண்டு, "உங்களுக்கு என்ன நடந்த?" என்று கேட்டாள். பிள்ளை தாங்குமளவுக்குச் சொல்லத் தொடங்கினேன். மணி அடித்தும் முடிக்கவில்லை. மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், பாய் இங்கேயே கிடக்கட்டும். பெரிய தலையணை ஒன்று அனுப்ப முடியுமா? அதிபரும் கேட்கிறார்.