மகளின் அறிக்கையில் முதலாவது ஓட்டை நான்தான்

கண்டி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து காரியாலயத்தில் இருந்தபடி.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அரூஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்கள் நல்ல உடல் சுகத்தோடும், நாவலப்பிட்டிக் கடையில் புடவை மடித்து வைக்க நேரமில்லாத அளவு வியாபாரத்தோடும் இருக்க வேண்டுமென்று துஆச் செய்கிறேன். உங்கள் மூத்த சகோதரியும் என் மனைவியுமான றலியா நலம். அவளுடைய முழங்கால் நலமில்லை. உங்கள் செல்ல மகள் ஸுமைரா புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த செய்தி கேட்டு இங்கே பாயாசம் காய்ச்சினோம். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனிதன் எதற்காகக் கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்கள் யோசிப்பீர்கள். வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் குடும்பத்து விஷயம் ஒன்றும் போடக் கூடாதென்று மகள் நுஸ்ஹா எனக்குத் தடை போட்டிருக்கிறாள். ஏனென்று கீழே வருகிறது, பொறுமையாக வாசியுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் முதலாளி இப்ஹாம் ஹாஜியார் என்னை வீட்டில் இருக்க விடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மிளகு, கராம்பு, ஏலம் வாங்கி விற்கிற எங்கள் கம்பனிக்கு இப்போது கடுகண்ணாவை, புசல்லாவை, உங்கள் நாவலப்பிட்டி என்று எல்லா இடத்திலும் கிளைகள். லொறிச் சாரதிமாருக்கும் விற்பனைப் பொடியன்மாருக்கும் கம்பனி போன் கொடுத்திருக்கிறது. அந்தப் போன்கள் எல்லாவற்றையும் கண்டியில் இருந்தே கட்டுப்படுத்துகிற ஒரு முறை இருக்கிறது. ஒருவன் போனை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தால் இங்கிருந்தே அதைப் பூட்டலாம், உள்ளே இருக்கிற விலைவாசி, வாடிக்கையாளர் விபரம் எல்லாவற்றையும் அழிக்கலாம். புதிதாக ஒரு போனை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதென்றால் ஊழியர் இலக்கம் வேண்டும், இரகசியச் சொல் வேண்டும், குறுஞ்செய்தியில் வரும் குறியீடு வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியில் ஓர் ஆள் பார்த்து, அதற்கென்றே இருக்கிற ஒப்புதல் போனில் ஒப்புதல் என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஆள் நான். இயந்திரத்தை ஏமாற்றலாம், மக்கீனை ஏமாற்ற முடியாது என்று ஹாஜியார் எல்லோருக்கும் முன்னால் சொல்லித்தான் இந்தக் கதிரையில் என்னை இருத்தினார். நானும் அந்தக் கதிரையில் சும்மா இருக்கவில்லை மச்சான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

இனி மகளின் கதை. நுஸ்ஹா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்கிறவர்களுக்கு விளங்கப்படுத்தியே என் தொண்டை வற்றிவிட்டது. கம்பனிக்காரர்கள் கையெழுத்து வைத்து அனுமதி கொடுப்பார்கள், இவளும் இவளுடைய கூட்டாளிகளும் அந்தக் கம்பனியின் கணினிக்குள்ளும் போனுக்குள்ளும் கள்ளன் எப்படி நுழைவானோ அப்படி நுழைந்து பார்ப்பார்கள், பிறகு ஓட்டை எங்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு சாமானையும் தொடாமல் வெளியே வருவார்கள். இதை நான் முடிவெட்டுகிற இடத்தில் சொன்னேன், பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் வுழூச் செய்கிற இடத்தில் சொன்னேன், குட்செட் பஸ் நிலையத்தில் பக்கத்தில் நின்ற, எனக்கு முன்பின் தெரியாத மனிதருக்கும் சொன்னேன். அவர் தன்னுடைய பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். பேஸ்புக்கில் மகளின் படத்தைப் போட்டு, இவளுடைய வெற்றிக்கு நாவலப்பிட்டி மச்சான் அரூஸ் குடும்பத்தாரின் துஆவும் காரணம் என்று உங்கள் கடைப் பெயரோடு எழுதினேன். நீங்களும் கீழே பூங்கொத்து போட்டீர்கள். அந்தப் பூங்கொத்துதான் மச்சான், எனக்கு வினையாக வந்தது.

எங்கள் கம்பனியும் தன் போன்களைப் பரிசோதிக்க மகளின் நிறுவனத்தைத்தான் பிடித்தது என்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். வாப்பா வேலை செய்கிற இடம், ஆட்களைச் சோதிக்கிற பகுதியை நான் தொடமாட்டேன், என்னிடம் அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவும் கூடாது என்று அவள் முதல் நாளே தன் மேலதிகாரியிடம் சொல்லி, இயந்திரப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். என்னிடம் மூச்சு விடவில்லை. ஒரே மேசையில் இருந்து இடியப்பம் சாப்பிடுகிறோம், சொதியை எடுத்துத் தாருங்கள் என்கிறாளே தவிர, வேறு சொல் இல்லை. அந்த நாட்களில் ஒரு காலை எனக்கு அழைப்பு வந்தது. ஒரு பெண் பிள்ளை, சலாம் சொன்ன அழகிலேயே மனம் குளிர்ந்துவிட்டது. நாவலப்பிட்டிக் கிளையில் புதிதாகச் சேர்ந்தவளாம், கம்பனி போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டதாம், புதுப் போனுக்கு ஒப்புதல் வேண்டுமாம். நான் மசியவில்லை. விதி விதிதான், போனை வையுங்கள், பதிவில் இருக்கிற இலக்கத்துக்கு நான் திருப்பி அழைப்பேன் என்று சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்று இந்தக் கடிதம் இல்லை. பிள்ளை அழுவதுபோல் பேசியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க யாருட மகள்?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்காமல் எப்படி இருப்பது, நீங்களே சொல்லுங்கள். ஒரு பிள்ளை நாவலப்பிட்டியில் இருந்து பேசுகிறதென்றால் அது யாருடைய பிள்ளை என்று தெரியாமல் நம் ஆட்கள் யாராவது போனை வைத்திருக்கிறார்களா? புடவைக்கடை அரூஸ் ஹாஜியாருக்குச் சொந்தம் என்று மட்டும்தான் அவள் சொன்னாள். மீதியை நானே சொன்னேன் மச்சான். ரயில் கடவைக்குப் பக்கத்து வீடா என்றேன், ஆம் என்றாள். அப்படியென்றால் உங்கள் சொந்தத்தில் வருகிற கைரியாவின் மகளா என்றேன், ஆம் என்றாள். மூத்தவளா இளையவளா என்று கேட்டு, குரலைப் பார்த்தால் இளையவள்தான் என்று நானே முடிவும் சொன்னேன். அதற்கும் ஆம் என்றாள். உம்மாவின் சீனி வருத்தம் எப்படி என்று விசாரித்துவிட்டு, மனநிறைவோடு பொத்தானை அழுத்தினேன். அந்தப் பிள்ளையின் பெயர் சுபாஜினி. ஊர் புசல்லாவை. மகளோடு வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளை. உங்கள் பெயரையும் கடையையும் என் பேஸ்புக்கில் இருந்துதான் எடுத்தாளாம், நம் ஆட்களின் பேச்சை நாள்கணக்கில் கேட்டுப் பழகினாளாம். கைரியா என்று ஒருவர் இருப்பதே அவளுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

பிறகு ஹாஜியாரின் அறையில் கூட்டம் வைத்தார்கள். கொழும்பில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முன்னால் நின்று பேச வந்தது யாரென்று பார்த்தால் எங்கள் நுஸ்ஹா. என் கண்ணைப் பார்க்கவே இல்லை. சுவரில் விழுந்த படத்தில் முதலாவது ஓட்டை சிவப்பு எழுத்தில் இருந்தது: ஒப்புதல் அதிகாரி. பெயர் போடவில்லை. பெயர் போட்டுத்தானா தெரிய வேண்டும், கம்பனியில் ஒப்புதல் அதிகாரி ஒருவர்தானே. அழைப்பின் ஒலிப்பதிவையும் போட்டார்கள். கைரியாவின் முழுக் குடும்ப வரலாறும் என் குரலில் அந்த அறையில் ஓடியது. கொழும்பு ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஹாஜியார் பொத்தவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. இந்த இடத்தில் இருந்து ஆளை மாற்ற வேண்டுமா என்று மகளிடமே கேட்டார். இந்தக் கதிரை போனால் நான் காலையில் எழும்பி எங்கே போவது?

நுஸ்ஹா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஹாஜியாரிடம் சொன்னாள்: "அந்தக் கதிரைல யார வெச்சாலும் யாருட மகள் எண்டுதான் கேப்பாங்க, ஹாஜியார். ஆள மாத்த வாணாம். கேள்விய மாத்துங்க."

ஹாஜியார் தலையாட்டினார். இன்னொரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல், எந்த வழியிலாவது வந்து சோதிப்பார்கள், அதில் தேறினால் கதிரை எனக்கு, தவறினால் ஒப்புதல் வேலை கொழும்புக்குப் போகும் என்று தீர்ப்பானது. இரண்டாவது ஓட்டை என்ன தெரியுமா? ஒரு தடவை பாவித்த குறியீட்டை மறுபடியும் பாவிக்கலாம் என்பது. அதைக் கண்டுபிடித்தது நம் பிள்ளை, தனியாக. இந்தப் போன் முறையைச் செய்து கொடுத்த கொழும்பு ஆட்களே எழுந்து கைகொடுத்தார்கள். நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை, அது கைதட்டுகிற கூட்டமில்லையாம்.

பின்னேரம் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் அவள் மெதுவாக, "வாப்பாக்கு கோவமா ஈக்கா?" என்று கேட்டாள். கோபமா! மச்சான், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிடப் பெருமை பெரிதாக இருந்தது. வாப்பா என்று தெரிந்தும் அந்தச் சிவப்பு எழுத்தைப் பச்சையாக்காத பிள்ளை அவள். இரண்டாம் இடத்துக்குக்கூட இறக்கவில்லை. அப்படி ஒரு பிள்ளையை யாருக்கு அல்லாஹ் கொடுத்திருக்கிறான்? இறங்குகிற இடத்தில் அவளுடைய பையை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அன்று முதல் நான் வேறு மனிதன். யார் அழைத்தாலும் சலாத்துக்குப் பதில் சொல்லி, போனை வைத்து, பதிவில் இருக்கிற இலக்கத்துக்குத் திருப்பி அழைக்கிறேன். யாருடைய மகன், எந்த ஊர் என்ற பேச்சே இல்லை. தேங்காய் வாங்கிவரச் சொல்லி றலியா அழைத்தாள், வைத்துவிட்டுத் திருப்பி அழைத்தேன். அவள் அன்று சம்பல் அரைக்கவில்லை. ஹாஜியாரே தன் போனை மாற்றிக்கொண்டு ஒப்புதல் கேட்டார். வைத்துவிட்டேன். பதிவில் இருந்தது பழைய இலக்கம், அதற்கு அழைத்தால் அவருடைய பேரப்பிள்ளை எடுத்துப் பாட்டுப் பாடியது. ஹாஜியார் நேரில் படியேறி வந்து, கோபப்படுவதா மெச்சுவதா என்று தெரியாமல் நின்றுவிட்டு, மெச்சிவிட்டுப் போனார். ஆகவே இன்ஷா அல்லாஹ் இந்தக் கதிரை என்னுடையதுதான். இனி என்னிடம் எந்தச் சுபாஜினியும் வாலாட்ட முடியாது என்பதை உங்கள் கடையில் எல்லோரிடமும் தாராளமாகச் சொல்லலாம்.

கைரியாவுக்கு என் சலாத்தைச் சொல்லி, அவருடைய சீனி வருத்தம் கொழும்புவரை தெரிந்துபோனதற்கு மன்னிப்பும் கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் பெரியோர் சிறியோர் அனைவருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஸுமைராவின் நெற்றியில் என் சார்பில் ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
எம். மக்கீன்,
ஒப்புதல் அதிகாரி.

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும்போது உங்கள் ஆள் ஒருவர் காரியாலயத்துக்கு வந்தார். நல்ல பண்பான பொடியன். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, பேஸ்புக்கில் கண்ட முகம் என்று சொன்னார். யாரென்று நான் கேட்கவே இல்லை, விதியை மீறவில்லை, அவராகவே சொன்னார். தன்னுடைய போனில் சார்ஜ் இல்லையாம், உங்களுக்கு ஓர் அழைப்பு எடுக்க வேண்டுமாம். திருப்பி அழைக்கிற விதி போனில் பேசுகிறவர்களுக்குத்தான், ஆள் நேரில் வந்து நின்றால் எந்த இலக்கத்துக்குத் திருப்பி அழைப்பது? ஒப்புதல் போனைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, பிளேன்டி ஒரு கோப்பை ஊற்றிவர உள்ளே போனேன். திரும்பி வந்தால் போன் கதிரையில் பத்திரமாக இருக்கிறது, ஆளைக் காணவில்லை. இப்போது மகளும் அழைத்தாள், வைத்துவிட்டுத் திருப்பி அழைத்தேன். பெருமூச்சு மட்டும் விடுகிறாள். மச்சான், அந்தப் பொடியன் தன்னை ஸுமைராவின் மாப்பிள்ளையோடு பிறந்த மூத்த நானா என்று சொன்னார். ஸுமைரா ஐந்தாம் வகுப்புத்தானே?