போன் இல்லாதவருக்குக் கட்டம் இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய அவா என்று தொடங்குவதுதான் முறை. அவா நிறைய இருக்கிறது. உன் மகள் எழுந்து நடமாடுகிறாளா, குழந்தை யார் ஜாடை, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் விவரமாக எழுது. இவ்விடத்து நலத்தைப் பற்றித்தான் உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்துவிடுகிறாய், அதுவும் வேறு மாதிரி முடிக்கிறாய். குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான். அத்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணின் கையை உடைத்துவிட்டார். ஒன்பதாம் வகுப்புப் பெண், வலது கை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. சாட்சி நான் ஒருவன்தான். வகுப்பில் இருந்த மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளும் பார்த்தார்கள், ஆனால் பிள்ளைகள் பார்த்ததைப் பார்த்ததாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் பள்ளியில் கிடையாது.

நீ மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிய மறுவாரம் தாளாளர் அத்தானைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் செல்போன் தொல்லையை ஒழித்துக் காட்டினால் அடுத்த தலைமையாசிரியர் நீங்கள்தான் என்று சொன்னாராம். சொன்னாரா, சொல்வது போலத் தலையை ஆட்டினாரா என்பது தெரியாது, அத்தானுக்குத் தலையாட்டலே போதும். அன்றைக்கே விதிமுறை எழுத என்னைக் கூப்பிட்டுவிட்டார். பள்ளி எழுத்தர் என்றால் எழுதத்தானே வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன் என்று நான் தப்பித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அவர் சொன்னது, யாரும் போன் வைத்திருக்கக் கூடாது என்கிற ஒரே வரி. அதைப் பதினான்கு விதிகளாக இழுத்தது என் கைவண்ணம். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே செருப்பு விடுகிற மர அலமாரி இருந்தது, அதைக் கழுவி, பிள்ளைக்கு ஒரு பொந்து என்று நாற்பது பொந்துக்கும் எண் ஒட்டி, சோதனை முயற்சியாக ஒன்பதாம் வகுப்பு வாசலில் வைத்தோம். காலையில் போனைப் பொந்தில் வைத்துவிட்டுப் படிவத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும், சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாளே பாதிப் பொந்துகளில் போனுக்குப் பதில் சோப்புத் துண்டும் கால்குலேட்டர் உறையும் வந்துவிட்டன. ஒரு பிள்ளை அட்டையை வெட்டிப் போன் மாதிரி செய்து, திரை வரைந்து, மூலையில் சார்ஜ் இருபது சதவீதம் என்றுகூடப் போட்டிருந்தது. அத்தான் குனிந்து பார்த்துவிட்டு, போனை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிற பிள்ளையும் இருக்கிறதே என்று வகுப்பில் பாராட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை, எனக்கு எண்ணிக்கை சரியாக வந்தால் சரி. இதற்கிடையில் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூப்பிட முடியாமல் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, மத்தியானம் மாத்திரை போடச் சொல்லுங்கள், கணக்குப் பரீட்சை எப்படி எழுதினான் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று நாள் முழுக்க மணி அடித்தபடி இருந்தது. அலுவலகத்துக்கும் வகுப்புக்குமாக ஓடி ஓடி நான் பெல்ட்டில் புதுத் துளை போட்டுக்கொண்டதுதான் இந்தத் திட்டத்தின் ஒரே பலன்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். படிவத்தில் இரண்டே கட்டங்கள் போட்டிருந்தேன். ஒன்று 'ஒப்படைத்தார்', மற்றது 'ஒப்படைக்கவில்லை'. முதல் நாளே இந்தப் பெண் பேனாவோடு வந்து நின்றாள். தனக்குப் போனே கிடையாது, எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று மரியாதையாகக் கேட்டாள். பதினான்கு விதி எழுதினவனுக்கு, போன் இல்லாத பிள்ளை என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது தோன்றவே இல்லை, அக்கா. படிவம் நூறு பிரதி அடித்தாகிவிட்டது, யார் திரும்ப அடிப்பது என்கிற சோம்பலில், ஒப்படைக்கவில்லையில் போடும்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளும் தினமும் ஒழுங்காகப் போட்டு, அழகாகக் கையெழுத்தும் போட்டுவந்தாள்.

ஒன்பதாம் நாள் அத்தான் படிவத்தைப் புரட்டினார். 'ஒப்படைக்கவில்லை' கட்டத்தில் ஒரே பெயருக்கு நேராக எட்டு டிக். எட்டு நாளாக ஒருத்தி தன்னைக் கேலி செய்கிறாள் என்றே அவருக்குப் பட்டுவிட்டது. என்னையும் படிவத்தோடு இழுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். போன் இல்லை என்று அவள் சொன்னாள். போன் இல்லாதவள் எதற்கு ஒப்படைக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டாய் என்று இவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் படிவத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் ஒரு வரி பேசியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. அத்தான் பையைக் கொடு என்று பிடித்தார், அவள் வாரைப் பிடித்துக்கொண்டாள், இவர் இழுத்தார், அவள் விடவில்லை. அப்புறம் இவர் பையை விட்டுவிட்டுக் கையைப் பிடித்து முறுக்கினார். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. மர ஸ்கேல் என்றுதான் முதலில் நினைத்தேன். பையைத் தலைகீழாகக் கொட்டியதில் ஐந்து நோட்டு, தண்ணீர் பாட்டில், பாதி ரப்பர், சாப்பாட்டு டப்பா கிடந்தன. ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப்போனது நான்தான். வழியில், பேச்சுக்கொடுக்க வேண்டுமே என்று, பையைக் கொடுத்திருக்கலாமே அம்மா என்று கேட்டேன்.

"என் பை சார் அது" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது, அக்கா. இத்தனை வருஷம் உத்தியோகத்தில் அவ்வளவு வெட்கம் நான் பட்டதில்லை.

மறுநாள் அவள் அம்மா வந்தாள். துணி இஸ்திரி போடுகிறவள், கை நிறையச் சூட்டுத் தழும்பு. கத்துவாள், கூட்டம் சேர்ப்பாள் என்று அத்தான் ஓய்வறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் கத்தவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளைக் காட்டி, "இதுல எத்தனாவது விதியில கையை ஒடிக்கலாம்னு இருக்கு சார்? எனக்குப் படிக்கத் தெரியாது, படிச்சுக் காட்டுங்க" என்றாள். நான் எழுந்து நின்று பதினான்கையும் படித்தேன். அவள் கடைசி வரைக்கும் நின்று கேட்டுவிட்டுப் போனாள். நான் எழுதியதை ஒருவர் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகுதான் வாக்குமூலம் எழுதுகிற வேலை வந்தது. படிக்கட்டில் கால் இடறி விழுந்தாள் என்று எழுதச் சொன்னார் அத்தான். ஒன்பதாம் வகுப்பு தரைத்தளம், படியே இல்லை. சரி, ஈரத் தரையில் வழுக்கிவிட்டது என்றார். இது எப்படியோ துப்புரவு ஆயா காதுக்கு எட்டி, அந்த அம்மாள் துடைப்பத்தோடு அலுவலகத்துக்கு வந்து, தான் துடைத்த தரையில் ஒரு சொட்டு ஈரம் இருந்தது என்று எழுதினால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசியில் பெஞ்சுக் கால் தடுக்கியது என்று முடிவாயிற்று. பெஞ்சு வந்து மறுக்காது. தாளாளருக்கும் அது பிடித்துவிட்டது, பள்ளிப் பெயர் கெடாது என்றார்.

நேற்று அத்தான் மாடியில் என் அறைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் படி ஏறியதே இல்லை. கட்டிலில் உட்கார்ந்தார். தூக்கமே இல்லை என்றார். அந்தச் சத்தம் தனக்கும் கேட்டது என்றார். போகும்போது, "நீ என்ன வேணா எழுது. உங்க அக்காவை நெனச்சுக்கிட்டு எழுது" என்றார்.

நினைத்துக்கொண்டேன். நன்றாக யோசித்துப் பார்த்ததில், பெஞ்சுக் கால் என்றே கையெழுத்துப் போடுவதாக முடிவு செய்திருக்கிறேன். இந்த வேலை அத்தான் வாங்கிக் கொடுத்தது, இருக்கிற அறை அத்தானுடையது, சாப்பிடுகிற சாப்பாடு உன்னுடையது. பேரப்பிள்ளை பிறந்த நேரத்தில் தாத்தாவுக்கு வேலை போனது என்று பேச்சு வந்தால் உன் மகள் வீட்டில் உன் தலை குனியும். பெண்ணின் கை எப்படியும் ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அது ஐந்து வாரத்தில் கூடிவிடப் போவதில்லை. இதில் தப்பு இருந்தால் எனக்கு எழுது, ஆனால் கடிதம் வந்து சேர்வதற்குள் விசாரணை முடிந்திருக்கும்.

வேறு விசேஷம் இல்லை. குழந்தைக்கு என் ஆசிகள், நூறு வயசு இருக்கட்டும், கை கால் சுகத்தோடு இருக்கட்டும். உன் மகளை நன்றாகச் சாப்பிடச் சொல். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் விசாரணையே முடிந்துவிட்டது. முதலில் எல்லோரையும் வருகைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையில் பேனாவைப் பிடித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுதி முடிக்க வெகுநேரம் பிடித்தது. பிறகு தாளாளர் என் பக்கம் திரும்பி, பெஞ்சுக் கால் தடுக்கித்தானே விழுந்தாள் என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். "இல்ல சார். அவர் முறுக்கினார். நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, யோசித்ததெல்லாம்தான் மேலே இருக்கிறதே. அத்தானை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். என்னை நாளை முதல் வர வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், அத்தான் என் பெட்டியைக் கீழே கொண்டுவந்து வைத்திருந்தார், மடித்து வைத்திருந்தார் எல்லாத் துணியையும். ஆகவே இந்தக் கடிதத்துக்கு வீட்டு முகவரியில் பதில் எழுதாதே, பள்ளி முகவரியிலும் எழுதாதே. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் எடுத்தேன். கிழிக்கவில்லை. நேற்று வரைக்கும் நானும் கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். அத்தானைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத் திட்டு.